பனிவண்டிக்கு இருபது கேள்விகள்

2016 பிப்ரவரி. புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பாசல் நிலையத்தில் இன்டர்லாக்கன் ரயிலில் ஏறினேன். அரைக்கட்டண அட்டை இருந்தும் டிக்கெட் முப்பது பிராங்கை நெருங்கியது. தோள்பையில் ஒரு மாற்றுடை, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையில் இருபது கேள்விகள் அச்சிட்ட படிவம்.

இந்தப் பயணம் சுற்றிப் பார்க்க அல்ல. பாசலில் நான் வேலை பார்க்கும் சிறிய பொறியியல் நிறுவனத்துக்கு, கடல் தாண்டி எங்கோ பனிவண்டி தயாரிக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து ஒரு வேலை வந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் தங்கள் வண்டியை வைத்திருப்பவர்கள் அதில் என்ன மாற்றம் வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதித் தர வேண்டும். பனிவண்டி என்றால், முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் சுழலும் ரப்பர் பட்டை, நடுவே மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கையும் கைப்பிடியும். அவ்வளவுதான். நான் அதுவரை அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவளை இந்த வேலைக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். மற்றவர்கள் எல்லோரும் அந்த வாரம் பனிச்சறுக்கு விடுமுறையில் போகிறார்கள் என்றார்.

அந்தக் கம்பெனியின் கேள்விகளைப் படித்தால் சிரிப்பு வரும். பந்தயத்தில் ஓட்டும்போது வேகம் போதுமா? மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது அதிர்வு எப்படி? இந்த நாட்டில் பொழுதுபோக்குக்காகப் பனிவண்டி ஓட்டுவது பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதே இல்லை. மலை விடுதிக்காரர், மீட்புப் பணியாளர், உயரத்தில் மாட்டுக்கொட்டில் வைத்திருக்கும் விவசாயி, இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். அதுவும் இந்தப் பாதையில், இந்த வேலைக்கு என்று எழுதிய அனுமதியோடு. அதற்கு முந்தைய வாரமே இரண்டு பேரைப் பார்த்திருந்தேன். சறுக்குத் தடத்தில் அடிபட்டவர்களைக் கீழே கொண்டுவரும் ஒருவர், எஞ்சின் சத்தத்தைக் குறைத்தால் போதும் என்றார். பின்னால் படுத்திருப்பவர் முனகுவதுகூட அவருக்குக் கேட்பதில்லையாம். வைக்கோல் ஏற்றும் ஒரு விவசாயி, புகை வைக்கோலில் ஏறி மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்றார். பந்தயத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது பெயர் தவராசா, கிரிண்டல்வால்டுக்கு மேலே ஒரு மலை விடுதி நடத்துபவர். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். தொலைபேசியில் ஜெர்மனில் ஆரம்பித்தேன். அவர் அசல் பெர்ன் வட்டார மொழியில் பதில் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. என் பெயரைக் கேட்டவர் சற்று நிறுத்தி, "உமாவோ? அப்ப தமிழிலயே கதைப்பமே" என்றார்.

ஒன்பது மணி. தூன் ஏரி இடப்பக்கம் வெகுநேரம் கூடவே வந்து விலகியது. இன்டர்லாக்கன் கிழக்கு நிலையத்தில் இறங்கி, மலை ரயிலுக்கு மாறினேன். கிரிண்டல்வால்ட் வரை பத்தொன்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், ஐந்தரை பிராங்கு. இந்த ரயிலில் ஒரு வேடிக்கை உண்டு. நடுவழியில் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். பெட்டி மாறி உட்கார்ந்தால் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்வோம். பயந்துபோய் எதிரில் இருந்தவரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை அவர் பதில் சொல்லாமல் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயரைக் காட்டினார்.

கிரிண்டல்வால்டில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஐகர் மலையின் வடக்கு முகம் ஊரின் மேல் சாய்ந்து நின்றது. அங்கிருந்து பேருந்தில் மேலே, பனி வாரப்பட்ட சாலை முடியும் வாகன நிறுத்துமிடம் வரை போனேன். அதற்கு மேல் விடுதிக்கு நான்கு கிலோமீட்டர், ஐந்நூறு மீட்டர் ஏற்றம். விடுதியை நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரை எழுதவில்லை.

பதினொரு மணி. நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கறுப்புப் பனிவண்டி ஒன்று நின்றது. அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய சரக்குச் சறுக்குவண்டியில் ரொட்டிப் பெட்டி, பால், வெங்காய மூட்டை, துவைத்த மேசை விரிப்புகள். தலைக்கவசம் போட்ட ஒரு சிறிய உருவம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. தவராசா அனுப்பிய பையன் என்றுதான் நினைத்தேன். தலைக்கவசத்தைக் கழற்றியதும் நரை கலந்த கொண்டையும், மூக்குத்தியும், ஐம்பது வயது முகமும் தெரிந்தன.

"உமாவோ? நான் ரஞ்சினி. இவர் குசினியில நிக்கிறார். ஏறுங்கோ, என்னை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, பின்னுக்குச் சாய ஒண்டும் இல்லை" என்றார்.

பிடித்துக்கொண்டேன். ரஞ்சினி அக்கா இருக்கையில் ஒழுங்காக உட்காரவில்லை. முன்னால் நகர்ந்து பெட்ரோல் டேங்கை ஒட்டி, பாதி நின்றபடி ஓட்டினார். வேகம் கொடுக்கும் விசை வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும்படி இருக்கும். அவர் கையைத் திருப்பி உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு நிமிடத்தில் மேலே சேர்ந்தோம். இறங்கும்போது என் பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் வண்டியின் மூக்கில் படிந்திருந்த பனியைக் கையுறையால் துடைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சாமான்களை இறக்கினார்.

பன்னிரண்டு மணி முதல் இரண்டரை வரை யாரோடும் பேச முடியவில்லை. மர விடுதி, எட்டு அறைகள், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது இருக்கைகள். சறுக்கு வீரர்கள் பூட்ஸ் சத்தத்தோடு வந்து நிறைந்தார்கள். உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ரோஸ்டியும் சீஸும்தான் பிரதானம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சோறும் கறியும். அதற்காக வெள்ளிக்கிழமை பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்களாம்.

கூட்டம் வடிந்ததும் தவராசா கை துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். உயரமான, அகன்ற மனிதர். மட்டக்களப்புப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்து, இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் தட்டுக் கழுவி, பிறகு சமையல்காரராகிப் பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தார். ரஞ்சினி அக்கா முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்தவர். முந்தைய குத்தகைக்காரர் வயதாகி இறங்கியபோது, இவர்கள் துணிந்து இந்த விடுதியை எடுத்தார்கள். அது நான்காவது குளிர்காலம். பனிவண்டி, சறுக்கு வீரர்களை மலைமேல் ஏற்றும் ஒரு லிப்ட் கம்பெனியிடமிருந்து பழையதாக வாங்கியது. நான் "சார்" என்றதும் கையை உயர்த்தினார். "என்னை சார் எண்டால் நான் பின்னுக்குத் திரும்பிப் பாப்பன். அண்ணை எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் உங்கட ஊர் மாதிரி அண்ணா எண்டாலும் சரி."

படிவத்தைத் திறந்தேன். உரிமையாளர் பெயர் தவராசா. அனுமதிப் பத்திரமும் அவர் பெயரில்தான். அவர் உற்சாகமாகப் பதில் சொன்னார். இன்னும் சக்தி வேண்டும், ஏற்றத்தில் மூட்டை கூடினால் திணறுகிறது. டேங்க் பெரிதாக இருக்கலாம். தேநீர்க் குவளை வைக்க ஓர் இடம். பந்தயக் கேள்விக்கு வந்தபோது வயிற்றைத் தடவிக்காட்டிச் சிரித்தார். எல்லாவற்றையும் எழுதினேன்.

பக்கத்து மேசையில் ரஞ்சினி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மரியாதைக்கு அவரையும் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும், நான் ஓட்டுறது மட்டும்தானே" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "அது நல்ல வண்டி, தங்கச்சி. நான்தான் கட்டை."

நான் படிவத்தை மூடி உறைக்குள் வைத்தேன். பிற்பகல் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து ஐகரைப் பார்த்தேன். மறுநாள் காலைப் பேருந்தில் இறங்கிவிடுவதாகத் திட்டம்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது ஐகர் இல்லை. வெளியே கொடிக்கம்பமும் இல்லை. மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து நின்றது. வெப்பமானி மைனஸ் பதினான்கு காட்டியது. விடுதியில் நான் தவிர, சூரிக்கிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி மட்டும் தங்கியிருந்தார்கள்.

எட்டே முக்கால் இருக்கும். குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறையின் பின்பக்கத்தில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது, தவராசா அண்ணா உறைந்த படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தார். தோளில் கொண்டுவந்த உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து பனியில் சிதறிக் கிடந்தது. வலது தோளின் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சட்டைக்குள் ஒரு பள்ளம் தெரிந்தது. முகம் வெளிறியிருந்தாலும் அவர் கத்தவில்லை. "கிழங்கைப் பொறுக்குங்கோ, உறைஞ்சு போகும்" என்றார்.

ரஞ்சினி அக்கா அருகில் குந்தி அவருடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் எத்தனையோ விழுந்தவர்களைப் பார்த்த கை அது. பெருவிரல் சரி, சுட்டுவிரல் சரி. மோதிர விரலும் சின்ன விரலும் மரத்துப் போயிருந்தன.

அவசர எண்ணுக்குப் பேசினோம். இந்த மூடுபனியில் ஹெலிகாப்டர் எழும்ப முடியாது. மீட்புக் குழு பள்ளத்தாக்கின் மறுபக்கம் வேறொரு விபத்தில் இருந்தது. வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பிறகு மருத்துவர் ஒருவர் வரியில் வந்தார். விரல்கள் மரத்தால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று அர்த்தம், நேரத்தைக் கடத்தாமல் இருப்பது நல்லது, ஆனால் பாதுகாப்பாகக் கொண்டுவர முடிந்தால் மட்டும் கொண்டுவாருங்கள், நிறுத்துமிடத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார்.

ரஞ்சினி அக்கா போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.  "நான் ஓட்டுறன். உமா, நீங்கள் பின்னுக்கு இருந்து இவரைப் பிடிப்பீங்களோ?" என்று கேட்டார். "பிடிக்கிறேன்" என்றேன். 

 அவருடைய கையை மேசை விரிப்பால் உடம்போடு சேர்த்துக் கட்டினோம். சறுக்குவண்டியில் மெத்தை போட்டு, தலையணைகளை அடுக்கி அவரை உட்கார வைத்தோம். நான் தோள்பையை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். சூரிக் அம்மா பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குளிரில் பேட்டரி ஒத்துழைக்கவில்லை. கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். இழுப்புக் கயிறு உயரமானவர்களின் கைநீளத்துக்கு அளந்து வைத்தது. ரஞ்சினி அக்கா முழுக் கையை நீட்டியும் அது முக்கால்வாசிதான் வெளியே வந்தது. மூன்று முறை இழுத்தும் வண்டி இருமிவிட்டு நின்றுவிட்டது. நான் இறங்கிப் போய் அவர் கைமேல் என் கையை வைத்து இருவருமாகச் சேர்ந்து இழுத்தோம். ஐந்தாவது இழுப்பில் கிளம்பியது. மணி ஒன்பது பத்து.

முகப்பு விளக்கைப் போட்டதும் எதிரே இருந்த கொஞ்ச நஞ்சமும் மறைந்தது. விளக்கு உயரத்தில் இருப்பதால் வெளிச்சம் மூடுபனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்தது. அவர் அதை அணைத்துவிட்டார். பாதையின் ஓரத்தில் நட்டிருந்த சிவப்புக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தேடி, நடக்கும் வேகத்தில் இறங்கினோம். இறக்கத்தில் சறுக்குவண்டி முன்னால் இருப்பதைத் தள்ளும். அவர் விடாமல் பிரேக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிரேக் விசையில் அவருடைய விரல் நுனிகள் மட்டுமே மாட்டியிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

நூறு மீட்டருக்கு ஒருமுறை அவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினைத் தணித்து, திரும்பிக் கேட்டார். "விரல் தெரியுதோ?" அண்ணா தெரிந்ததைச் சொன்னார். ஓடும்போது நாங்கள் கத்தினாலும் அவருக்குக் கேட்காது, வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடியும் இல்லை. மீட்புப் பணியாளர் சத்தத்தைப் பற்றிச் சொன்னதை நான் ஒரு வரியில் எழுதி முடித்திருந்தேன். அதன் பொருள் இப்போதுதான் புரிந்தது. மூட்டை கட்டும் கயிறு மெத்தையின் கீழே கிடந்தது. அதன் ஒரு முனையை ரஞ்சினி அக்காவின் இடுப்பில் கட்டி, மறுமுனையை நான் வைத்துக்கொண்டேன். ஒரு இழுப்பு என்றால் எல்லாம் சரி, இரண்டு என்றால் நிறுத்து. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வளைவில் கம்பு ஒன்று பனியில் புதைந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. வண்டியின் முன் பலகைகள் பாதையை விட்டு விலகி மிருதுவான பனியில் குத்தி நின்றன. அதற்கு அப்பால் சரிவு. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை, தெரியாததே நல்லது.

பின்னோக்கி எடுக்க வேண்டும். சறுக்குவண்டியோடு எடுத்தால் இரண்டும் முறுக்கிக்கொள்ளும். முதலில் அதைக் கழற்ற வேண்டும். கொக்கியைப் பூட்டியிருந்த தடித்த இரும்பு ஊசியின் வளையத்தில் கையுறை போட்ட விரல் நுழையாது. கையுறையைக் கழற்றித் தொட்டேன். இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது. ஊசி உறைந்து அசையவே இல்லை. ரஞ்சினி அக்கா பிளாஸ்கை எடுத்து, மூடியைத் திறந்து, இஞ்சித் தேநீரை முழுவதும் அதன்மேல் ஊற்றினார்.

"அது எனக்குத் தந்த தேத்தண்ணி" என்றார் மெத்தையிலிருந்து அண்ணா.

"உங்களுக்குக் கீழ வாங்கித் தாறன்" என்றார் அவர், ஊசியை உருவியபடி.

சறுக்குவண்டியை ஓரமாக நகர்த்தி, அது நழுவாமல் நான் குதிகாலை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியில் ஏறி, நின்றபடியே, ஒரு கையால் பின்னோக்குப் பொத்தானை அழுத்தி, மறு கையின் உள்ளங்கையால் வேகம் கொடுத்தார். பட்டை பனியை முன்னால் வாரி இறைத்தது. வண்டி ஒரு முழம் வந்தது, மறுபடி உள்ளே போனது, பிறகு பாதைக்கு ஏறியது. மீண்டும் பூட்டினோம். அந்த வளைவிலிருந்து அடுத்த அரைக் கிலோமீட்டருக்கு நான் முன்னால் நடந்தேன். என் ஆரஞ்சு நிற மேலங்கிதான் அவருக்குக் கம்பு. அண்ணா இடக்கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் நிலைமையைத் தானே மனைவியின் இடுப்புக்கு அறிவித்துக்கொண்டு வந்தார்.

பத்து மணிக்கு ஆம்புலன்சின் நீல விளக்கு மூடுபனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. பதினான்கு நிமிடப் பாதையில் ஐம்பது நிமிடம் இறங்கியிருந்தோம். அவரை ஏற்றியதும் ரஞ்சினி அக்கா வண்டியின் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, அதன் மூக்கில் நெற்றியை ஒருகணம் வைத்துக்கொண்டார். பிறகு ஆம்புலன்சில் ஏறினார், நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

பதினொன்றரை. இன்டர்லாக்கன் மருத்துவமனை. தோளை மயக்கம் கொடுத்து இடத்தில் பொருத்திவிட்டார்கள். நரம்பு தெளிந்துகொண்டிருக்கிறது, மோதிர விரல் உணர்வுக்கு வந்துவிட்டது, சின்ன விரலுக்கு நாளாகலாம் என்றார் மருத்துவர். தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் நடைபாதை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ரஞ்சினி அக்கா இயந்திரத்திலிருந்து இரண்டு தேநீர் எடுத்துவந்தார். குவளையை வாங்கும்போதுதான் அவருடைய வலது உள்ளங்கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே கெட்டியான காய்ப்பு. அதைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது.

"இது இன்றைக்கு வந்ததா?"

"இல்லை, இது நாலு வருசமா இருக்கு. விசைக்கு என்ர பெருவிரல் எட்டாது. எட்டினாலும் பத்து நிமிசத்தில விறைச்சுப் போகும். அதுதான் இப்படி அமத்துறனான்."

"நேற்றுக் கேட்டேனே அக்கா. ஏன் சொல்லவில்லை?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கள் மெஷினைப் பற்றித்தானே கேட்டீங்கள். இது என்ர கை."

 நான் பத்து வருடமாகப் பொறியாளர். முந்தைய நாள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் இருக்கையில் சரியாக உட்காராததையும் உள்ளங்கையால் அழுத்துவதையும் பதினான்கு நிமிடம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த வண்டியின் பெரிய குறை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் அதைப் பாணி என்று நினைத்தேன். அவரோ அதைத் தன் உடம்பின் குறை என்று நினைத்து நான்கு குளிர்காலம் சுமந்திருக்கிறார்.

பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். "கையைப் பற்றியே சொல்லுங்கள்" என்றேன்.

முதலில் தயங்கினார். பிறகு வந்துகொண்டே இருந்தது. விசையை விரல் நீளத்துக்கு ஏற்ற மாதிரி முன்னே பின்னே நகர்த்த முடிய வேண்டும், பிரேக்கும் அப்படித்தான். தையல் மெஷினில்கூட எல்லாவற்றுக்கும் ஒரு திருகாணி இருக்கிறதே என்றார். மூடுபனிக்கு முட்டளவு உயரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. கொக்கி ஊசிக்குக் கையுறையோடு பிடிக்கக்கூடிய பெரிய வளையம். கட்டையானவர்கள் இழுத்தாலும் எஞ்சின் கிளம்பும் கயிறு. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி. கைப்பிடிச் சூடு இரண்டே நிலையில் இருக்கிறது, ஒன்றில் விறைக்கும், மற்றதில் வேகும், நடுவே ஒன்று. இருக்கையைக் கொஞ்சம் இறக்க முடிந்தால் நல்லது. பின்னால் இருப்பவருக்கு ஒரு சாய்மானம், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லோரும் தன் வயிற்றை நெரிக்கிறார்கள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பவர்?" என்று கேட்டேன்.

"பவர் காணும், இருக்கிறதே போதும். அது இவருக்குத்தான் காணாது. இவர் வருசத்தில ரெண்டு தரம்தான் ஓட்டுவார்."

ஒரு மணிக்கு அண்ணா மயக்கம் முழுவதும் தெளிந்து விழித்தார். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வைத்து மார்போடு கட்டியிருந்தார்கள். மருத்துவர் சொன்னதையும் நாங்கள் பேசி எழுதியதையும் அவருக்குச் சொன்னோம். காய்ப்பைப் பற்றி நான் சொன்னபோது, அவர் இடக்கையை நீட்டி மனைவியின் வலக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவர். "நான் இதைக் கரண்டி பிடிச்சு வந்ததெண்டு நினைச்சனே" என்றார். அதன் பிறகு வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

பிற்பகல் மூன்று மணி. மூடுபனி விலகத் தொடங்கியிருந்தது. அண்ணாவை இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ரஞ்சினி அக்கா மேலே போக வேண்டும். சூரிக் தம்பதி தனியாக இருக்கிறார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, கறிக்கு வருகிறவர்கள் வருவார்கள். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், உங்கட ரயில் இருக்கு. மேல ஏறுறது எனக்குப் பெரிய வேலை இல்லை. பக்கத்துப் பெடிச்சி ஒராள் சமையலுக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறா" என்றார். நிலைய வாசலில் என் இரண்டு கன்னங்களையும் பிடித்து முத்தமிட்டுவிட்டு, கிரிண்டல்வால்ட் நடைமேடையை நோக்கி நடந்தார். சரியான பாதியில் ஏறினாரா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பெட்டியின் பெயரைப் பார்க்கக்கூட இல்லை, நேராக ஏறினார்.

அறிக்கை என்ன ஆனது என்று கேட்பீர்கள். பதினொரு பக்கம் எழுதினேன், பந்தயக் கேள்விகளை ஒரே வரியில் முடித்தேன். கம்பெனியிலிருந்து முதலில் மரியாதையான நன்றிக் கடிதம் வந்தது. மூன்று மாதம் கழித்து, விசை நீளத்தை மாற்றும் அமைப்பின் வரைபடத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். பெரிய வளையத்துக்கும் ஒப்புக்கொண்டார்கள். தாழ்வான விளக்கு செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள். புதிய விசையின் மாதிரி ஒன்று அடுத்த குளிர்காலத்தில் ரஞ்சினி அக்காவின் வண்டியில் பொருத்திப் பார்க்கப்பட்டது. நான் போனில் கேட்டபோது, உள்ளங்கையில் நோவு போய், அந்த வலது கையால்தான் இப்போது போனைப் பிடித்திருப்பதாகச் சொன்னார். அண்ணாவின் சின்ன விரல் இன்னும் குளிரில் மட்டும் சுருக்கென்கிறதாம்.

ஆனால் அன்று மாலை பாசல் ரயிலில் நான் நினைத்தது அந்த வண்டியைப் பற்றி அல்ல. இங்கே வருவதற்கு முன் கோயம்புத்தூரில் நான்கு வருடம் ஒரு பம்பு செட் கம்பெனியில் இருந்தேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய், பம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. எல்லாத் தோட்டத்திலும் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் பேசினேன். காபி கொடுத்தார்கள், இளநீர் வெட்டினார்கள். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டால், ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் அதையே எழுதினேன்.

ஒரு தோட்டத்தில் பேச்சின் நடுவே அந்த வீட்டம்மா போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். ஸ்டார்ட்டர் பெட்டி கொட்டகைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. அதன் அடியில் ஒரு கருங்கல் கிடந்தது, மேற்புறம் கால் பட்டு வழுவழுவென்று தேய்ந்து. அவர் அதன்மேல் ஏறி, எட்டி, பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினார். தண்ணீர் வந்தது. நான் ஓட்டத்தை அளந்து எழுதிக்கொண்டேன். அந்தக் கல்லையும் பார்த்தேன். தாண்டி நடந்து போனேன்.